பௌர்ணமிக்குள் ஒரு முட்டை

கோழி வாங்கப் போவதும் பெண் பார்க்கப் போவதும் ஒன்றுதான் என்பது கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கோழிப் பண்ணையில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கூட என் வீட்டுக்காரர் வந்திருந்தார். அவருடைய அக்காவும் வந்திருந்தார், அதாவது என் நாத்தனார். நாங்கள் இருப்பது அடி அண்ணாமலையில். அவர் இருப்பது கீழ்பென்னாத்தூரில். “எங்க ஊருப் பக்கம் வந்து, என்னைக் கூப்பிடாம கோழி வாங்கிடுவீங்களா?” என்று காலையிலேயே போன் பண்ணிவிட்டு, எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றுவிட்டார்.

இதே நாத்தனார்தான் என்னைப் பெண் பார்க்க வந்த கோஷ்டிக்குத் தலைவி. அன்றைக்கு என்னை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். முடியைத் தொட்டு, சவுரியா என்று பார்த்தார். பாடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். “பரவால்ல, குரல் பெருசா இருக்குது. தோட்டத்துல இருந்து கூப்பிட்டாலும் தெருவுக்குக் கேக்கும்” என்று பாஸ் போட்டார். அதே ஆள் இப்போது பண்ணையில் ஒரு கோழியைத் தூக்கி, திருப்பி, இறக்கையை விரித்து, வாலை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோழி என்னைப் பார்த்தது. எனக்கு அதன் கஷ்டம் புரிந்தது.

சிக்கல் என்னவென்றால், மூன்று பேருக்கும் மூன்று கொள்கை. நாத்தனாருக்கு முட்டைதான் முக்கியம். “கோழின்னா முட்டை போடணும். மத்ததெல்லாம் சும்மா.” என் வீட்டுக்காரருக்குக் குணம் முக்கியம். அவர் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஆபீசில் ஜனங்கள் போடும் சத்தம், வீட்டுக்கு வந்தால் நான் போடும் சத்தம். கோழியாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மனிதர் ஆசைப்பட்டார். எனக்கு அழகு. நாள் முழுக்க நான் வீட்டில் உட்கார்ந்து ஊராருக்கு ஜாக்கெட் தைக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்கு லட்சணமாக ஒன்று நடமாடட்டுமே! இதில் என்ன தப்பு?

“அழகு எதுக்கும்மா? அதையா பொரிச்சுத் திங்கப் போற?” என்றார் நாத்தனார்.

“முட்டையாவது கடையில கிடைக்கும் அண்ணி. அழகு எந்தக் கடையில கிடைக்குது?” என்றேன். எனக்குக் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும், இறங்கவே இறங்காது.

பண்ணைக்காரரைக் கேட்டால் முடிவு கிடைக்கும் என்று பார்த்தோம். அவர் எதைக் காட்டினாலும் “சூப்பரா இருக்குங்க” என்றார். முட்டை? “சூப்பரா போடுங்க.” குணம்? “சூப்பர் குணம்ங்க.” ஒரு கோழி அப்போதுதான் அவருடைய கையைக் கொத்தி ரத்தம் வர வைத்திருந்தது, அதைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். கடைசியில் ஆளுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. நாத்தனார் ‘வருஷம் பூரா லீவு போடாம முட்டை போடும்’ என்று சொல்லப்பட்ட ஒரு பழுப்புக் கோழியை எடுத்தார். குஞ்சும் இல்லை, கோழியும் இல்லை, நடுவாந்திர வயசு. என் வீட்டுக்காரர் ஒரு சிறுவிடையை எடுத்தார், சின்ன உடம்பு நாட்டுக்கோழி. அது ஒரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. “எவ்ளோ அமைதி பாரு” என்று அவர் உருகிப்போனார்.

நான் எடுத்தது கருங்கோழி. ஆகா, அவளை எப்படிச் சொல்ல! இறகு கறுப்பு, அலகு கறுப்பு, கொண்டை கறுப்பு, கால் கறுப்பு, கால் நகமும் கறுப்பு. வெயிலில் திரும்பினால் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து பட்டுப்புடவை மாதிரி ஒரு பச்சை மினுங்கும். பண்ணைக்காரர் அவள் வாயைத் திறந்து காட்டினார், நாக்கும் கறுப்பு. “ஐயய்யோ, கரிநாக்கு! இது வாயத் தொறந்து எதாவது சொன்னா பலிச்சிடும்!” என்று நாத்தனார் ஓரடி பின்னால் போனார். கோழி என்ன சொல்லிவிடப் போகிறது என்று நான் சிரித்தேன். “முட்டை மட்டும் கொஞ்சம் கம்மிங்க” என்று பண்ணைக்காரர் அன்று முதல்முறையாக ஓர் உண்மையைச் சொன்னார். “ஆனா அழகு சூப்பர்.”

மூன்றும் வீட்டுக்கு வந்தன. முதலில் பழுப்பின் கதையைக் கேளுங்கள். அதற்குத் தலையில் கொண்டை வளர்ந்தது. வளர்ந்தது என்றால், நாளுக்கு நாள் வளர்ந்தது. கழுத்தில் இறகு தொங்கிற்று, வால் வளைந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒருநாள் விடியற்காலையில் அது மதில்மேல் ஏறி நெஞ்சை நிமிர்த்திக் கூவியபோது சந்தேகம் போய்விட்டது. நாத்தனாருக்குப் போன் போட்டேன். “அண்ணி, நீங்க முட்டைக்குன்னு எடுத்துக் குடுத்தது கூவுது.” அவர் அசரவில்லை. “சில பொட்டைங்க கூவுமா இருக்கும். கொஞ்ச நாள் பாரு” என்றார். பாருங்கள், தோல்வியை ஒப்புக்கொள்கிற பரம்பரையே இல்லை அது. சேவலோ விடியலில் மட்டும் கூவுகிற ஜாதியும் இல்லை. மிக்ஸி போட்டால் கூவும், குக்கர் விசில் அடித்தால் பதிலுக்குக் கூவும், என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி போன் பண்ணினால் கட்டாயம் கூவும்.

அவர் குணம் பார்த்து எடுத்த சிறுவிடை ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது என்பதும் தெரிந்தது. அது அடைக்கு உட்கார்ந்திருந்தது. முட்டை இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் தரையை அடைகாத்தது. வீட்டுக்கு வந்ததும் என் காய்கறிக் கூடையைக் கண்டுபிடித்து, அதிலிருந்த உருளைக்கிழங்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடை உட்கார்ந்த கோழி முட்டை போடாது. அந்த எண்ணம் தெளியத் தண்ணீரில் முக்கி எடுத்தேன், துவட்டிக்கொண்டு மறுபடி உருளைக்கிழங்கிடம் போயிற்று. அதன் மூக்குத் துவாரத்தில் ஓர் இறகைச் செருகிவிட்டால் தெளிந்துவிடும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். செருகப் போனேன். என் மூக்கைக் கொத்தியது. குணமாம், அமைதியாம்! நான் மூக்கில் மஞ்சளை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவர் குனிந்து கூடையைப் பார்த்து, “எவ்ளோ பொறுமை பாரு” என்கிறார். அன்றைக்கு உருளைக்கிழங்குப் பொரியல் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஆக, மூன்றில் முட்டை போட வாய்ப்புள்ளவள் என் கருங்கோழி ஒருத்திதான். அவளும் போடவில்லை. வயசு வரவில்லை, பாவம். ஆனால் அவள் செய்த மற்ற காரியங்களைச் சொல்ல வேண்டும். காலையில் நான் தையல் மெஷினைத் திறந்தால் வந்துவிடுவாள். துணி வெட்டும் பலகையில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். நான் பேசுவேன். எனக்குப் பேசாமல் தைக்க வராது. மகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு மெஷினிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது இவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பாள். அளவு ஜாக்கெட் கொடுக்காமல் அளவு சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவளைப் பற்றிச் சொன்னால், ‘க்கொக்’ என்று சரியான இடத்தில் ஒரு சத்தம் கொடுப்பாள். இந்த வீட்டில் என் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இப்படி இருக்கையில்தான் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே ஒரு காலை வைத்தார், அடுத்த நிமிஷம் தரையில் உட்கார்ந்திருந்தார். கோழி எச்சம் வழுக்கிவிட்டது. அடி ஒன்றும் படவில்லை, மானம்தான் போயிற்று. சேவல் அவருக்கு நேராக வந்து நின்று, முகத்தைப் பார்த்து, முழுத் தொண்டையில் கூவியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

“மூணு கோழி வெச்சிக்கினு கடையில போயி முட்டை வாங்குற குடும்பம் ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்!” என்று அவர் ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. அக்காவின் புடவையைத் துடைக்க ஈரத்துணியோடு வந்த என் வீட்டுக்காரர், எப்படியாவது அந்தப் பேச்சு நின்றால் போதும் என்று வாயை விட்டார். “சரிக்கா, வர பௌர்ணமிக்குள்ள ஒரு முட்டை. ஒண்ணே ஒண்ணு. இல்லன்னா நீ கிரிவலம் வரும்போது ஒரு கூடை கொண்டாந்து மூணையும் எடுத்துக்கினு போயிடு.”

நாத்தனாரின் பேச்சு சட்டென்று நின்றது. அவருடைய முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. அவர் வைக்கும் கோழிக் குழம்புக்கு எங்கள் சொந்தத்தில் பெரிய பேர். நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், குறையே சொல்ல முடியாது. அதனால்தான் நான் ஓடிப்போய்க் கருங்கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் பஸ் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். “ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அது என் கோழி!”

“வாயில வந்துடுச்சும்மா. அக்கா முன்னாடி சொன்னத எப்பிடி மாத்துறது?” என்றார்.

இனி உங்களோடு பேச்சே கிடையாது என்றேன். பேசாமல் இருப்பது என்னால் ஆகிற காரியமா? பாத்திரங்களை வைத்துப் பேசினேன். எங்கள் வீட்டு டம்ளர்கள் அந்த நாட்களில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்னொரு பக்கம் கருங்கோழிக்கு விருந்து. கம்பு போட்டேன், ராகி போட்டேன், முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டேன், ஓடு கெட்டிப்பட கிளிஞ்சல் இடித்துப் போட்டேன், கருவாட்டை வறுத்துத் தூள் பண்ணி வைத்தேன். அந்த வாசனைக்கு என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார், கோழிக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு அட்டைப்பெட்டியில் வெட்டுத் துணியெல்லாம் போட்டு மெத்தென்று இடம் செய்தேன். அதைப் பார்த்தாவது முட்டை போடத் தோன்றட்டும் என்று உள்ளே ஒரு கடை முட்டையையும் வைத்தேன். சிறுவிடை உருளைக்கிழங்கைக் கைவிட்டு அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கருங்கோழி எட்டிப் பார்த்துவிட்டுத் துணி வெட்டும் பலகைக்கே திரும்பிவிட்டாள்.

பௌர்ணமி வந்துவிட்டது. அந்தத் தடவை திதி காலையிலேயே பிறந்ததால் வெயிலில் பாதம் கொப்பளிக்கக் கொப்பளிக்க ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீடு கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். என் வீட்டுக்காரரும் ஆபீஸ் நண்பர்களும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாயு லிங்கக் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள். அன்றும் விடியும் முன்பே குளித்து, பட்டையாக விபூதி பூசி, கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது பெட்டிக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்தார். நான் அதைக் கவனிக்காத மாதிரி ஒரு டம்ளரை ணங்கென்று வைத்தேன்.

அன்று காலை முதலே கருங்கோழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூலை மூலையாகப் போகிறாள், முனகுகிறாள், உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். மற்றக் கோழிகளுக்கு முட்டைப் பருவம் வந்தால் கொண்டை சிவக்கும், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இவளுக்கு எதைப் பார்ப்பது? எல்லாம் கறுப்பு! ஆனாலும் ஒரு பெண்ணின் தவிப்பு இன்னொரு பெண்ணுக்குத் தெரியாதா? இன்றைக்குத்தான், இன்றைக்கேதான் என்று என் மனசு அடித்துக்கொண்டது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வந்தால் அவள் இல்லை. ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்தி கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய அடுத்த ஜாக்கெட்டுக்குக் கையைக் குட்டையாகத் தைப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

கிரிவலப் பாதைக்கு வந்தால் ஒரே தலையாகத் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு கோழியை எங்கே தேட? ஆனால் எனக்கு அவள் புத்தி தெரியும். வழியெல்லாம் அன்னதானம், வழியெல்லாம் ஜனங்கள் சாப்பிட்டுப் போட்ட தொன்னை. புளியோதரை, சுண்டல், பொங்கல். அதைப் பொறுக்கிக்கொண்டே போயிருப்பாள் என்று நானும் தொன்னைகளைப் பின்பற்றிப் போனேன். நினைத்தபடியே தூரத்தில் தெரிந்தாள். ஆனால் தனியாக இல்லை. அவளைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொரு வட்டம்.

மலையை வலம் வரும்போது நாம் சாலையின் இடது ஓரமாகவே போக வேண்டும், மலையை ஒட்டிய ஓரம் சித்தர்கள் நடக்கும் வழி என்பது இங்கே வழக்கம். இவள் மலையை ஒட்டிய ஓரத்திலேயே போய்க்கொண்டிருந்தாள். குப்பைத் தொட்டிகள் அந்தப் பக்கம் இருந்தன, அவ்வளவுதான் காரணம். வெளியூர் ஜனத்துக்கு அது எப்படித் தெரியும்? கால் நகம்வரை கறுப்பாக ஒரு கோழி, சித்தர் வழியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சரியாக வலமாகப் போகிறது!

“சாதாரணக் கோழியா இருந்தா இவ்ளோ கூட்டத்துல பயந்து ஓடாதா?” என்றார் தொந்தி பெருத்த காவி வேட்டிக்காரர் ஒருவர். அவர்தான் அங்கே எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். “சித்தருங்க எந்த ரூபத்துல வேணா வருவாங்க.”

எங்கள் ஊரில் இது ஒன்றும் புதிதல்ல. சித்தர்கள் நாயாக வருவார்கள், எறும்பாக வருவார்கள் என்று வெளியூர்க்காரர்களும் நம்புகிறார்கள், நாங்களும் நம்புகிறோம். நானே ஒரு பௌர்ணமியில் ஒரு நாய்க்கு வழிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் அது யார் வீட்டு நாய் என்று எனக்குத் தெரியாது. இது என் கோழி! நான் கருவாடு வறுத்துப் போட்ட கோழி!

அதற்குள் ஆளாளுக்கு விபூதியை அள்ளித் தூவினார்கள். ஒருவர் பொட்டலத்தையே கவிழ்த்தார். என் கருங்கோழி கண்ணெதிரே வெள்ளைக்கோழி ஆகிவிட்டாள். யாரோ கழுத்தில் கதம்பத்தைச் சுற்றினார்கள். அவள் கொட்டாவி விட்டாள். “நாக்கப் பாருங்க, கரிநாக்கு! சொன்னா பலிக்கும்!” என்று ஒரு குரல் கத்தியதுதான் தாமதம், கல்லூரிப் பெண் ஒருத்தி முன்னால் வந்து, “நான் பாஸ் ஆவேனா?” என்று கேட்டாள். ‘க்கொக்’ என்றாள் இவள். அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். “விடுங்க, அது என் கோழிங்க!”

“இங்க என்னுது உன்னுதுன்னு எதுவுமே கிடையாதும்மா” என்றார் தொந்திக்காரர், கண்ணை மூடிக்கொண்டு.

“யோவ், நிஜமாவே என்னுதுயா!” என்று கத்தினேன். நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. “பக் பக் பக்” என்று கூப்பிட்டேன். விடுவிடுவென்று என்னிடம் ஓடி வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர்களுக்குப் புரிந்தது வேறு. ஓர் அம்மாள் கீழே விழுந்து என் காலைத் தொட்டுவிட்டார். எனக்குப் பாதத்தில் கூச்சம் ஜாஸ்தி, ‘ஊ’ என்று எகிறிக் குதித்தேன். “அருள் வந்துடுச்சு!” என்று என்னைப் பின்னாலிருந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், நெற்றியில் விபூதியை அப்பினார்கள். “விடுங்க” என்று திமிறினேன். திமிறத் திமிறப் பிடி இறுகியது. இப்படியே நானும் கோழியும் ஒரு ஊர்வலத்தின் நடுவில் வாயு லிங்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

வழியில் ஒரு புளியமரத்தடியில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் கால் வலி தாளாமல் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மடியில் புடவை குழிந்து, அதில் கொஞ்சம் பொரி இருந்தது. என் கோழி நேராக அவளிடம் போனாள். பொரியைக் கொத்தினாள். பிறகு மடியில் ஏறினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், உட்கார்ந்தாள். இறகெல்லாம் உப்பிற்று. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. “யாரும் சத்தம் போடாதீங்க!” என்று நான் போட்ட அதட்டலில் அத்தனை பேரும் கப்சிப். அருள் வந்தவள் அல்லவா?

கொஞ்ச நேரம் போனது. அவள் பாதி எழுந்து நின்றாள், உடம்பை ஒரு தடவை உலுக்கினாள், பிறகு கீழே இறங்கி ஊரே கேட்கும்படி கொக்கரித்தாள். அந்தப் பெண்ணின் மடியில், பொரிக்கு நடுவில், ஒரு முட்டை. சின்னதாக, சந்தன நிறத்தில், இன்னும் ஈரம் காயாமல். என் முட்டை! பௌர்ணமிக்குள் ஒரு முட்டை! சாயங்காலம் கூடையோடு வரப்போகிறவரின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டிய முட்டை! நான் கையை நீட்டிவிட்டேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். “சேலத்துல இருந்து வரோம்க்கா. கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சுக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்தில் அவள் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். “இத நாங்க என்ன பண்ணணும்க்கா?” என்று அவளே கேட்டாள்.

கொடு, அது எங்கள் வீட்டு முட்டை என்று சொல்ல வேண்டியதுதானே? இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு எனக்கு வார்த்தை வரவில்லை. முட்டையில் என்ன இருக்கிறது, அது அவர்களுக்கு என்ன செய்யும், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மடியிலிருந்து எதையும் எடுக்க என்னால் ஆகாது. நீட்டிய கையால் அவள் முந்தானையைப் பிடித்து, முட்டையின்மேல் மடித்து, இடுப்பில் செருகிவிட்டேன். “ஒடையாம எடுத்துக்கினு போ” என்றேன்.

“அசைவம் ஆச்சே...” என்று பின்னால் யாரோ இழுத்தார். “சித்தர் குடுத்ததுங்க, சைவம்தான்” என்று தொந்திக்காரர் தீர்ப்புச் சொன்னார். அவர்கள் இருவரும் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தில் கலந்து போனார்கள். என் சாட்சியும் கூடவே போனது. சுற்றி எத்தனையோ பேர் போனில் படம் எடுத்தார்கள். அவர்களும் நடந்துவிட்டார்கள். என் போன் வீட்டில் சார்ஜில் இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

நான் அங்கே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் தொந்திக்காரர் என் கோழியை ஒரு தாம்பாளத்தில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் முட்டை போட்ட சந்தோஷத்தில் தாம்பாளத்துப் பொரியைத் தின்றுகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குணம் குணம் என்று தேடினாரே என் வீட்டுக்காரர், இதுதான் ஐயா குணம்! நான் பின்னாலேயே ஓடினேன். எட்டிப் பிடித்தபோது தாம்பாளம் ஓர் அன்னதானப் பந்தலுக்கு முன்னால் நின்றிருந்தது. அது என் வீட்டுக்காரரும் நண்பர்களும் போட்ட பந்தல். பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கொதிக்கிறது, ஆவி பறக்கிறது. என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. எதிரே விபூதியில் வெள்ளையாக ஒரு கோழி. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையைக் குவித்தார்.

கூட்டத்துக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. “சாமி, எனக்குன்னு ஒண்ணும் வேணாம்” என்று ஆரம்பித்தார். “வீட்டுல ஒரு கோழி இருக்குது, கறுப்பா. இன்னைக்கு அது ஒரு முட்டை போட்டுடணும். எங்க அக்கா கூடையோட வந்துடுவாங்க. நான்தான் வாயை விட்டுட்டேன். அது போயிட்டா என் வீட்டுக்காரி யாருகிட்ட பேசுவா, சொல்லு? எனக்குத்தான் உக்காந்து கேக்கத் தெரியல. அதாவது கேக்குது. அத அவகிட்டயே விட்டுடு சாமி.”

சாமி ‘க்கொக்’ என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனிடமா இத்தனை நாள் டம்ளரை வைத்துப் பேசினேன்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

“போட்டுடுச்சுங்க” என்றேன்.

திரும்பினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். நெற்றி நிறைய விபூதியும் அவிழ்ந்த கொண்டையுமாக நிற்கும் என்னைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார், அதன் விளிம்பில் தெரிந்த கறுப்புக் கால் நகத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“முட்டை எங்க?”

“சேலத்துக்குப் போவுது” என்றேன்.

ஏன், எப்படி, என்ன உளறுகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை அவர். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். “அக்கா, கறுப்பு முட்டை போட்டுடுச்சு. கூடைய வெச்சிட்டு வெறுங்கையோட வா.”

“நெஜமாவா? நீ கண்ணால பாத்தியாடா?” என்று நாத்தனார் கேட்டது எனக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

“பாத்தேன்க்கா. சின்னதா, அழகா இருந்துச்சு” என்றார் அவர், பௌர்ணமியும் அதுவுமாக, மலையைப் பார்த்து நின்றுகொண்டு, கொஞ்சமும் கூசாமல்.